நான் கழுவிய படங்கள்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுவது நான்தான். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி விசாரிப்பார்கள். அவர்கள் திரும்புவது குரல் போகும் திசையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அவர், "ஆமாங்க, அவங்கதான்" என்பார். அப்போது அவர் குரலில் ஒரு மிடுக்கு ஏறும். எனக்கும் ஏறும். அதை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

நாங்கள் இருப்பது பூந்தமல்லியில், டிரங்க் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில். நான் திண்டுக்கல் பக்கத்துப் பெண். வங்கித் தேர்வு எழுதி, வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தவள். அம்பத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருக்கிறேன். திரையில் உள்ளதைக் கம்ப்யூட்டர் என் காதுக்குள் படித்துச் சொல்லும், நான் தட்டச்சு செய்வேன். அவர் ஆவடிக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், பாகங்களை அளந்து பார்த்து நல்லதையும் கழிக்க வேண்டியதையும் பிரிக்கிற வேலை. காலையில் இரண்டு பேரும் ஒரே பைக்கில் போவோம்.

கேமரா அவருடைய ஆசை. கூட வேலை செய்தவர் ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது ஃபிலிம் போடுகிற பழைய கேமரா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் அதைக் கொண்டுவந்து முதலில் என் கையில்தான் வைத்தார். நல்ல கனம். இரும்பு சில்லென்று இருந்தது. பட்டனை அழுத்தினேன். போன் கேமராவின் சத்தம் ஒப்புக்குப் போடுகிற சத்தம். இதில் நிஜமாகவே ஏதோ ஒன்று திறந்து மூடியது. எனக்கு அது பிடித்திருந்தது. அதைத் தாண்டி எனக்கும் அந்தக் கேமராவுக்கும் சம்பந்தம் இருக்கப் போகிறது என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

ஒரு ரோல் எடுத்து முடித்ததும், வெளியே கொடுக்காமல் வீட்டிலேயே கழுவிவிடலாம் என்றார். டப்பா, மருந்து எல்லாம் பார்சலில் வந்தன. வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விஷயம் இவ்வளவுதான்: ஃபிலிமை அதன் உருளையிலிருந்து எடுத்து, சுருள் பள்ளம் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் ரீலில் ஏற்ற வேண்டும். அந்த ரீலை டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டால் அதன்பிறகு வெளிச்சத்தில் வேலை பார்க்கலாம். மருந்தை ஊற்றிக் குலுக்க வேண்டும், கொட்ட வேண்டும், அடுத்த மருந்து, பிறகு தண்ணீரில் அலச வேண்டும். ஆனால் ரீலில் ஏற்றி மூடும்வரை ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது.

எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூம். அரிசி டின், வெங்காயக் கூடை, ஊருக்குப் போகும் பெட்டி எல்லாம் அங்கேதான். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கதவிடுக்கில் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்து வந்த சத்தங்கள் இன்னும் நினைவிருக்கின்றன. உருளையின் மூடி கழன்று விழுந்தது. கத்தரிக்கோல் விழுந்தது. அவர் குனிந்து தேடினார், தலையில் அலமாரி இடித்தது. பிறகு ரீலைத் திருகும் சத்தம் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், ஓர் இடத்தில் 'மொறுக்' என்றது. அப்பளத்தைப் பாதி வளைத்தால் வருமே, அந்த மாதிரி. ஃபிலிம் பள்ளத்தை விட்டு ஏறி மடங்குகிறது என்று எனக்கு வெளியிலிருந்தே புரிந்தது. அவருக்கு உள்ளே புரியவில்லை. மேலும் திருகினார். மேலும் மொறுக் மொறுக் என்றது.

நெடுநேரம் கழித்து வெளியே வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "ஒண்ணுமே தெரியல. எது முன்னாடி எது பின்னாடின்னே புரியல. எப்படித்தான் பண்றாங்களோ" என்றார்.

தெரியாததில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்த ரோலை அப்படியே மருந்தில் போட்டுக் கழுவினார். பாதிப் படம் ஒட்டிக்கொண்டு வீணாகிவிட்டது, மீதியில் பிறை பிறையாக மடிப்புத் தடம் என்றார். அந்தக் கெட்டுப்போன ஃபிலிமை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அதுதான் என் விளையாட்டு. சாப்பிட்டு முடித்து, டிவியில் செய்தி ஓடும்போது சோபாவில் உட்கார்ந்து ரீலில் ஏற்றுவேன், இறக்குவேன். ஃபிலிமின் ஓரத்தை மட்டும்தான் தொட வேண்டும். அதற்கு இயற்கையாகவே உள்பக்கமாகச் சுருளும் குணம் உண்டு. அந்தச் சுருளலோடு போனால் அது தானாகப் பள்ளத்தைத் தேடிக்கொள்ளும், எதிர்த்துப் போனால் முரண்டு பிடிக்கும். முனையின் கூர்மையான இரண்டு மூலைகளையும் கத்தரியால் மழுக்கிவிட்டால் எங்கேயும் மாட்டாது. எது மருந்து பூசிய பக்கம் என்பதில் சந்தேகம் வந்தால் நுனியை உதட்டில் வைத்துப் பார்க்கலாம், மருந்துப் பக்கம் லேசாக ஒட்டும். இதெல்லாம் யாரும் சொல்லி நான் தெரிந்துகொண்டதில்லை. அவர் செய்தி பார்த்து முடிப்பதற்குள் சில நாளில் நான் பலமுறை ஏற்றி இறக்கியிருப்பேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ரீலில் துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் நகராது. அவர் உள்ளே வியர்த்துக் கொட்டியதும், ரீலைக் கழுவிய உடனே துடைத்துப் பயன்படுத்தியதும்தான் முதல் ரோல் கெட்டதற்குக் காரணம். ரீலை நாள் முழுக்கப் பால்கனி வெயிலில் காயவைத்தேன். இரண்டாவது ரோல் வந்தபோது, நான் உள்ளே போகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். எனக்கு ஏதாவது இடித்துவிடும் என்று யோசித்தாரோ, ஃபிலிமை நினைத்து யோசித்தாரோ தெரியாது. "சரி, நீயே பண்ணு" என்றார்.

கதவைச் சாத்தினேன். என்னைப் பொறுத்தவரை ஸ்டோர் ரூமில் ஒன்றும் மாறவில்லை. நேற்று வெங்காயம் எடுத்த அதே இடம். உருளையைத் திறந்தேன், முனையை வெட்டினேன், ரீலைத் திருகினேன். எங்கேயும் மொறுக் என்று கேட்கவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு வெளியே வந்து அவர் கையில் கொடுத்தபோது, அவர் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனாராம். "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அந்த வாரம் முழுக்கச் சோபாவில் உட்கார்ந்திருந்தேன் என்றே சொல்லலாம்.

அன்று முதல் மருந்து வேலையும் என் கைக்கு வந்துவிட்டது. அவராகக் கொடுக்கவில்லை, நான்தான் எடுத்துக்கொண்டேன். அவர் குலுக்கும்போது பேச்சுக்கொடுத்துக்கொண்டே மறந்துவிடுவார், பிறகு வேகமாகக் குலுக்கி ஈடு கட்டுவார். எனக்கு எண்ணிக்கை தவறாது. பாட்டில்களுக்கு அடையாளம் ரப்பர் பேண்ட். ஒன்று போட்டது முதல் மருந்து, இரண்டு போட்டது அதை நிறுத்துவது, மூன்று போட்டது படத்தை நிலைநிறுத்துவது. ரப்பர் பேண்ட் இல்லாவிட்டாலும் மூக்கு சொல்லிவிடும். இரண்டாவது ஊறுகாய்க் கடை மாதிரி காடி வாசனை அடிக்கும். மூன்றாவதின் நெடி தீபாவளிக்கு மறுநாள் தெருவில் இருக்கும் நெடி.

சென்னைத் தண்ணீர்தான் பெரிய தொல்லை. மருந்துக்குக் குளிர்ச்சி வேண்டும். எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் பகலில் காபி போடலாம் போல வரும். பாட்டில்களை ஐஸ் போட்ட வாளியில் நிற்க வைப்பேன். சூட்டை வாய்விட்டுச் சொல்லும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டேன். அது அமெரிக்கப் பெண் குரலில் கறாராக எண்ணைச் சொல்லும், அவள் சரி என்று சொல்லும்வரை நான் ஊற்ற மாட்டேன். கடைசி அலசலில் இன்னொரு பிரச்சினை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் ஃபிலிமில் வெள்ளைப் புள்ளிகள் இருப்பதாக அவர் சொன்னார். சோப்பு நுரைக்காத தண்ணீரில் வேறென்ன வரும்? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காக வாங்கி வைத்திருந்த சுத்தத் தண்ணீர் கேன் ஒன்று மூலையில் இருந்தது. கடைசி அலசலுக்கு அதை ஊற்றினேன். புள்ளி போயிற்று. இந்த யோசனை என்னுடையது என்பதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன், ஏனென்றால் அவர் இதைத் தன் நண்பர்களிடம் 'நாங்க கண்டுபிடிச்சோம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் அம்மா போனில் கேட்டார்: பார்க்கவே முடியாத உனக்கு இதில் என்னம்மா இருக்கிறது? நான் கத்திரிக்காயை வாயில் வைக்க மாட்டேன், ஆனால் நான் வைக்கிற எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்புக்கு இவருடைய கம்பெனியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு நினைவுபடுத்தினேன். அம்மா சிரித்துவிட்டார்.

ஆனாலும் படத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருந்தது. கழுவியது நான் ஆயிற்றே. ஆரம்பத்தில் அவர் சொல்லுவது அவர் வேலை பார்க்கும் முறையிலேயே இருந்தது. "பஸ் ஸ்டாண்டு. ஆளுங்க நிக்கிறாங்க. ஓகே." அடுத்த படம். "மரம். ஓகே." நான் விட மாட்டேன். எத்தனை பேர், யார் யாரைப் பார்க்கிறார்கள், கையில் என்ன, செருப்பு போட்டிருக்கிறார்களா என்று கேட்பேன். கேட்கக் கேட்க அவருக்கும் பழகியது. ஒருநாள் அவராகவே சொன்னார்: "பூக்காரம்மா நூலைப் பல்லுல கடிச்சுக்கினு இருக்கு. கண்ணு மட்டும் பஸ்ஸு மேல. நம்பரைப் படிக்குது போல." இதை எடுக்கும்போது கவனித்தீர்களா என்று கேட்டேன். இல்லை, இப்போது உனக்குச் சொல்லத்தான் பார்த்தேன் என்றார்.

ஒருமுறை மட்டும் என் கையில் ஒரு ரோல் முழுதாகப் போனது. எங்கள் வீட்டில் சுவிட்ச் போர்டு பழுதாகி எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிவிட்டுப் போயிருந்தார். ஸ்டோர் ரூம் விளக்கின் சுவிட்ச் வெளியே இருக்கும். மேலே இருந்தால் அணைந்திருக்கிறது என்று என் விரலுக்குப் பழக்கம். எலக்ட்ரீஷியன் புதிய சுவிட்சைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார். அன்று ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நான் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தேன், மேலே இருந்தது. உள்ளே போய், பளிச்சென்று எரிகிற விளக்கின் கீழே நின்று, நிதானமாக, ஒரு தப்பும் இல்லாமல் ரோலை ரீலில் ஏற்றினேன். பழைய குண்டு பல்பாக இருந்தால் தலையில் சூடு தெரிந்திருக்கும். இது எல்இடி.

காய வைக்கும்போது அவர் வந்து ஃபிலிமைக் கையில் வாங்கிப் பார்த்தார். எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன். முழுக்கக் கறுப்பாக இருக்கிறது என்றார். ஆவடி ஏரிக்கரையில் காத்துக் கிடந்து எடுத்த படங்கள் அவை. சாப்பிடும்போது மறு சோறு வேண்டாம் என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான் என்று தெரிந்தது. நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறி, ஸ்டோர் ரூம் பல்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். இனிமேல் அந்த அறையில் விளக்கே வேண்டாம், வெங்காயம் வேண்டும் என்றால் என்னைக் கேளுங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு காவலும் வைத்தேன். வெளிச்சம் பட்டால் ஒலி எழுப்பும் ஆப் ஒன்று என் போனில் இருக்கிறது. வெளிச்சம் கூடக்கூட ஒலி உச்சத்துக்குப் போகும், முழு இருட்டில் தாழ்ந்து முனகும். ஒவ்வொரு முறையும் போனின் திரையை அணைத்துவிட்டு அதை உள்ளே கொண்டுபோய்க் கதவிடுக்கு, மேல்மூலை எல்லா இடத்திலும் நீட்டிப் பார்ப்பேன். முனகல் மாறவில்லை என்றால் போனை வெளியே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். அதன்பிறகு ஒரு ரோலும் கறுக்கவில்லை.

ஃபிலிமில் படம் எடுப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இவர் படங்களைப் போடுவார். எங்கே கழுவியது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டிலேயே என்று இவர் பதில் போட்டார். அதைப் பார்த்துவிட்டு வானகரத்திலிருந்து ஒரு பெண் வருவதாகச் சொன்னார். ஐடி கம்பெனியில் வேலை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பத் தொடங்கியதிலிருந்து, அங்கே வேலை செய்பவர்களை மாதக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு காலை ஒரே ஒரு ரோலோடு வந்தார். நான் காபி கொடுத்தேன். இதில் இருப்பவர்களில் பாதிப் பேர் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், திரும்ப எடுக்க முடியாது என்று இவரிடம் சொல்லிக்கொண்டே ரோலை நீட்டினார். இவர், "அவங்ககிட்ட குடுங்க. அவங்கதான் கழுவுறது" என்றார்.

பேச்சு நின்றது. இந்த மௌனம் எனக்கு அத்துப்படி. வங்கியில் கடன் விண்ணப்பத்தோடு வந்து என் எதிரே உட்காருபவர்கள் முதலில் தருவது இதைத்தான். அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் கேட்டார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. சார் பக்கத்துல இருப்பாரா?"

"அவர் இருந்தா லேட்டாகும். நீங்க வேணும்னா உள்ள வாங்க. போனையும் வாட்ச்சையும் கழட்டி வெச்சிடுங்க" என்றேன்.

அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஆனாலும் வந்தார். நான் போனை நீட்டி மூலை மூலையாகச் சோதித்தேன், துணியைச் சரிசெய்தேன், போனை இவரிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே இரண்டு பேருக்கு இடம் இறுக்கம்தான். அந்தப் பெண் ஓர் அடி நகர்ந்தார், வெங்காயக் கூடை சரிந்தது. குனிந்து பொறுக்கப் போனார். வேண்டாம் என்று சொல்லி அவர் கையைப் பிடித்து அலமாரியின் விளிம்பில் வைத்தேன். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"ஒண்ணுமே தெரியல மேடம்" என்றார், ரகசியம் பேசுவது போல.

"தெரியக்கூடாதும்மா. தெரிஞ்சா படம் போச்சு."

உருளையைத் திறந்தேன். அவருடைய ரோல் பல நாள் பையிலேயே இருந்திருக்கிறது. மழை நாள் வேறு. ஃபிலிம் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தது. பாதி தூரம் நன்றாகப் போயிற்று. பிறகு கையில் ஒரு தயக்கம் தெரிந்தது, மொறுக் என்றது. நான் உடனே நிறுத்திவிட்டேன். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டுவிட்டது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ரீல் மாத்துறேன்."

எப்போதும் காய்ந்த ரீல் இன்னொன்றைத் துணியில் சுற்றி அலமாரியின் இடது ஓரத்தில் வைத்திருப்பேன். ஏற்றிய ஃபிலிமை அவசரப்படாமல் பின்னோக்கி இறக்கினேன். மொத்த நீளமும் இப்போது என் இரண்டு கைகளுக்கு நடுவே சுருண்டு நின்றது. விரல் நடுப்பக்கம் பட்டால் ரேகை விழும், கீழே விழுந்தால் அரிசித் தவிடு ஒட்டும். ஓரங்களை மட்டும் பிடித்தபடி, காய்ந்த ரீலை இடது கையால் எடுத்து, முனையைப் பள்ளத்தில் நுழைத்தேன். அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கைகளுக்கு அந்த வேலை தெரியும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. மெதுவாகத் திருகினேன். தடங்கல் இல்லாமல் கடைசிவரை ஏறியது. டப்பாவை மூடி, இப்போது கதவைத் திறக்கலாம் என்றேன். அவர் வெளியே வந்து விட்ட மூச்சை அடுத்த வீட்டுக்காரர் கூடக் கேட்டிருப்பார்.

மருந்து, குலுக்கல், அலசல் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கவனித்தார். வெப்பமானிப் பெண் பேசும்போது மட்டும் சிரித்தார். அலசலின்போது ஃபிலிமின் கடைசித் துண்டை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது மருந்து மிச்சம் இருந்தால் வழவழப்பு இருக்கும், போய்விட்டால் விரல் லேசாகப் பிடிக்கும். அவர் தொட்டார், புரியவில்லை என்றார். இன்னும் இரண்டு முறை தண்ணீர் மாற்றிய பிறகு தொடச் சொன்னேன். "ஆமா, இப்ப பிடிக்குது" என்றார்.

ஃபிலிமைக் குளியலறையில் கொடியில் மாட்டி, கீழே கனத்துக்கு ஒரு துணி கிளிப்பை மாட்டினேன். இரண்டு பேரும் வெளிச்சத்துக்கு எதிரே அதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வார்த்தை இல்லை. பார்க்கத் தெரிந்தவர்களிடம் இந்தக் குறை உண்டு. பார்க்க ஆரம்பித்தால் பக்கத்தில் ஆள் இருப்பது மறந்துவிடும். நான் கொஞ்ச நேரம் பொறுத்தேன்.

"யாராவது சொல்லுங்க" என்றேன்.

"எல்லாம் வந்திருக்குக்கா" என்றார் அந்தப் பெண். அப்போதுதான் மேடம் போய் அக்கா வந்தது. "ஒண்ணுகூட போகல."

அதன்பிறகு அவருடைய எல்லா ரோலும் எங்கள் வீட்டுக்குத்தான். அவரைத் தொடர்ந்து குழுவிலிருந்து வேறு சிலரும் வந்தார்கள். மாங்காட்டிலிருந்து ஒருவர் கோயிலுக்கு வரும் கூட்டத்தை எடுத்துக்கொண்டு வருவார். ஞாயிறு காலைகள் என் வேலை நாள் ஆயின. இதனால் தண்ணீர் வீணாகிறதா என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு கேள்வி எழுந்தது. குழாயைத் திறந்துவிட்டு அலசுவதில்லை, டப்பாவை நிரப்பி, குலுக்கிக் கொட்டி, மறுபடி நிரப்புகிறேன், ஒரு ரோலுக்கு ஒரு வாளிகூட ஆகாது என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். செயலாளர் அடுத்த வாரம் தன் பெண்ணை அழைத்துவந்து வேடிக்கை பார்க்கவிட்டார்.

வானகரத்துப் பெண்ணின் படங்களை ஆடி மாதத்தில் காட்சிக்கு வைத்தார்கள். கல்யாணம் இல்லாத மாதம் என்பதால், கரையான்சாவடிப் பக்கம் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் சும்மா கிடந்தது. கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். தரையில் இன்னும் சாம்பார் வாசனை இருந்தது. வெளியே அம்மன் கோயில் ஒலிபெருக்கி. அந்தப் பெண் என் கையைப் பிடித்து வாசலில் இருந்த அட்டைக்கு எதிரே நிறுத்தி வாசித்தார். 'படங்கள்' என்று போட்டு அவர் பெயர். அதன் கீழே, அதே அளவு எழுத்தில், 'ஃபிலிம் கழுவியது' என்று போட்டு என் பெயர். எழுத்து அதே அளவுதான் என்பதை இவரிடம் தனியாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். என் பெயர் வீட்டுக் கதவில், சம்பளச் சீட்டில், வங்கி மேசைப் பலகையில் எல்லாம் இருக்கிறது. இந்த அட்டையைத்தான் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

படங்களில் இருந்தவர்களில் தேடிக் கண்டுபிடிக்க முடிந்த சிலரையும் அந்தப் பெண் அழைத்திருந்தார். அதில் ஓர் அம்மா, மெட்ரோ வேலை நடந்த இடத்தில் தடுப்புக்குப் பக்கத்தில் கொடி பிடித்து வண்டிகளை நிறுத்தி விடுகிறவர். இப்போதும் அதே வேலைதான், இடம் மட்டும் மாறிவிட்டது. குரலைக் கேட்டால் லாரி நிற்கும். யாரோ என்னைக் காட்டியிருக்க வேண்டும். நேராக வந்து எதிரே நின்றார்.

"நீதான் படம் கய்வுனதாமே?"

"ஆமாங்க."

"கண்ணு தெரியாம எப்டிமா?"

"அந்த வேலைய இருட்டுலதான் பண்ணணும். எனக்கு அது தோதா இருக்கு" என்றேன்.

அவர் தன் படத்தை நான் எப்படித் தெரிந்துகொள்வேன் என்று கேட்டார். இவர் எனக்குச் சொல்லியிருந்தார்தான்: ஒரு பெண், தலையில் ஹெல்மெட், கையில் கொடி, பின்னால் தூண். ஆனால் படத்தில் இருப்பவரே எதிரே நிற்கும்போது அவரிடமே கேட்பது மேல் அல்லவா? எப்படி இருக்கிறீர்கள், சிரிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறேன்? மொறைச்சிக்கினு கீறேன். கொடி காட்றேன், ஒரு லாரிக்காரன் நிக்காம வரான். நீ எப்டி போறேன்னு பாக்குறேன்டான்னு நின்னுகினு கீறேன்."

"எப்படி நின்னீங்க?"

அவர் என் வலது கையைப் பிடித்து மேலே தூக்கினார். "கை இப்டி. மடக்காத. நேரா." என் இடது கையை எடுத்து இடுப்பில் வைத்தார். தன் காலால் என் காலை நகர்த்தி அகட்டினார். "கால் இங்க வெச்சா எவன் வந்தாலும் அசையக்கூடாது." கடைசியில் இரண்டு விரலால் என் முகவாயைப் பிடித்து உயர்த்தினார். விரல் நுனிகள் சொரசொரப்பாக இருந்தன. "மூஞ்சி இப்டி. அவ்ளோதான்."

அந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நான் அப்படியே நின்றேன். தோள்பட்டை இழுத்தது. முகவாய் உயர்ந்ததில் கழுத்து விறைத்தது. கால் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. இத்தனை படங்களைக் கழுவியிருக்கிறேன், இத்தனை படங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஒரு படத்துக்குள் நான் போய் நின்றது அன்றைக்குத்தான். பக்கத்தில் பேச்சுகள் நின்றுவிட்டன. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. பார்க்கட்டும் என்று இருந்தது.

"நல்லா கீது," என்றார் அந்த அம்மா. "இன்னும் கொஞ்சம் கோவம் வேணும்."

நான் கோபத்தை வரவழைத்தேன். கேமராவில் இருந்த ரோலை அதுவரை எடுத்து முடிக்காமல் வைத்திருந்த என் கணவர் எங்கிருந்தோ பட்டனை அழுத்தினார். ஏதோ ஒன்று திறந்து மூடியது. நான் கையை இறக்கவில்லை, இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மாவும் என் பக்கத்தில் வந்து அதே மாதிரி நின்றார்.

அந்த ரோலை அடுத்த ஞாயிறு கழுவிக் காயப் போட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். நானும் அந்த அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோமாம், இரண்டு பேரும் முறைத்துக்கொண்டிருக்கிறோமாம். அதில் ஒரு பிரதியை அந்த அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன். இன்னொன்று எங்கள் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் இது யார் எடுத்தது என்று கேட்டால் அவர் பதில் சொல்லுவார். யார் கழுவியது என்று கேட்டால் நான் சொல்லுவேன்.